கோழி வளர்ப்போர் கேள்வி பதில்: புதுக் கோழியும் குளிர்காலக் கூண்டும்

கேள்வி: மிஞ்சிய இரண்டு சேவல்களைக் கொடுத்துவிட்டு, முட்டைக்கு வரும் பருவத்தில் இருந்த இரண்டு விடைக்கோழிகளை மாற்றாக வாங்கினேன். வந்த அன்றே மற்ற கோழிகளோடு கூண்டில் விட்டுவிட்டேன். இன்றோடு ஐந்து நாள். குளிர் தொடங்கிவிட்டது, ஒன்று தும்முகிறது. தூசியா, நோயா?

பதில்: இன்று இரவு கோழிகள் அடைந்து ஒரு மணி நேரம் கழித்து, விளக்கில்லாமல் கூண்டருகே போய்ச் சும்மா நின்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். பகலில் கிளறுகிற சத்தத்திலும் கொக்கரிப்பிலும் அமுங்கிப்போவது இருட்டில் துல்லியமாகக் கேட்கும். மூச்சு இழுக்கும்போது தொண்டையில் கரகரவென்று வந்தால் அதைத் தூசி என்று தள்ளிவிடாதீர்கள். காலையில் அதைக் கையில் தூக்கி முகத்தைப் பாருங்கள். கண் ஓரத்தில் சோப்பு நுரை மாதிரி குமிழ் நிற்கிறதா, மூக்குத் துளையில் தீவனத் தூள் ஒட்டிக் காய்ந்திருக்கிறதா, கண்ணுக்குக் கீழே வீக்கம் உண்டா, மூக்கருகே கெட்ட வாடை வருகிறதா? நுரைக்கண்ணும் கரகரப்பும் இருந்தால் மைக்கோபிளாஸ்மா கிருமியைச் சந்தேகிக்கலாம், வீங்கிய முகமும் நாற்றமும் இருந்தால் கொரைசா என்ற சளிநோயை. ஆனால் இது சந்தேகம்தான். வெள்ளைக்கழிச்சலும் பறவைக் காய்ச்சலும்கூட மூச்சுக் கோளாறாகத் தெரியலாம், அதனால் கால்நடை மருத்துவரிடம் காட்டாமல் கையில் கிடைத்த மருந்தைத் தண்ணீரில் கலக்காதீர்கள். திடீரென்று ஒன்றுக்கு மேல் செத்தால் அன்றே கால்நடைத் துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

இப்போது புதிதாக வந்த அந்த இரண்டு கோழிகளையும் பிரித்து வையுங்கள். பிரித்தாலும், ஐந்து நாளாக ஒரே தண்ணீரைக் குடித்து ஒரே காற்றை மூச்சுவிட்டவை உங்கள் பழைய கோழிகள். எனவே மருத்துவர் சரி என்று சொல்லும்வரை உங்கள் வீட்டிலிருந்து ஒரு கோழி, ஒரு அடைமுட்டை, ஒரு பழைய கூடைகூட வெளியே போகக் கூடாது. சேவல்களை வாங்கிப் போனவரிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். பளபளவென்று இருந்த ஒரு பெட்டையை வந்த அன்றே உள்ளே விட்டேன். மூன்றாவது வாரம் ஏழு கோழிகளுக்குச் சளி, இரண்டு போய்விட்டன. புதிதாக வந்த பெட்டைக்கு மட்டும் கடைசிவரை ஒன்றுமே ஆகவில்லை. நோயைச் சுமந்து வந்ததே அதுதான் என்று அப்புறம்தான் விளங்கியது. முன்பே நோய் வந்து தேறிய கோழி பார்க்க நன்றாகத்தான் இருக்கும், கிருமி மட்டும் அதற்குள்ளேயே தங்கியிருக்கும். இடம் மாறுகிற அலைச்சலில் உடம்பு தளரும்போது அது மறுபடி வெளியே கிளம்பும். குளிர்காலத்தில் இரவு நீளம், கதவு மூடியிருக்கும், பத்துப் பன்னிரண்டு கோழிகள் தோளோடு தோள் ஒட்டி விடியும்வரை உட்கார்ந்திருக்கும். பரவ இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

அடுத்த முறை குளிருக்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். எப்போது வாங்கினாலும் 30 நாள் தனியே, எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. தினமும் பழைய கோழிகளுக்குத் தீவனம் வைத்து முடித்த பிறகுதான் புதியவற்றிடம் போக வேண்டும், செருப்பும் பாத்திரமும் அங்கே தனி. இறகை விலக்கிப் பேனும் செள்ளும் இருக்கிறதா என்று பாருங்கள், முக்கியமாக எச்சத்துவாரத்தைச் சுற்றி. கடைசி இரண்டு வாரம் உங்கள் பழைய கோழிகளில் ஒன்றை அவற்றோடு விட்டுப் பார்க்கலாம். மனதுக்குக் கஷ்டமான ஏற்பாடுதான், ஆனால் அந்த ஒன்று நலமாக இருந்தால் மற்றவற்றுக்கும் தைரியமாகக் கதவைத் திறக்கலாம்.

கேள்வி: குளிர் உள்ளே வராமல் இருக்கக் கூண்டின் இடுக்கையெல்லாம் சாக்காலும் பிளாஸ்டிக் தாளாலும் அடைத்துவிட்டேன். ஆனாலும் சேவலின் கொண்டை நுனி கறுத்துவிட்டது. விளக்குப் போட்டுச் சூடாக்கலாமா?

பதில்: அடைத்ததுதான் தப்பு. விடிந்ததும் கூரைத் தகட்டின் உட்புறத்தை விரலால் தடவுங்கள், நீர் சொட்டுச் சொட்டாக ஒட்டும். அத்தனையும் கோழிகளின் மூச்சும் எச்சமும் விட்ட ஈரம். கோழியின் உடல்சூடு சுமார் 41 டிகிரி செல்சியஸ், இறகைச் சிலிர்த்து உட்கார்ந்தால் உலர்ந்த குளிரை நன்றாகவே தாங்கும். ஈரம் சேர்ந்தால் கொண்டையும் தாடியும் உறைந்து கறுக்கும். இதில் பெரிய கொண்டைச் சேவல்தான் முதலில் அடிபடும். கறுத்த இடத்தைத் தேய்க்கவோ வெட்டவோ வேண்டாம், உலர்ந்த இடத்தில் விட்டால் தானே ஆறும்.

கோழிகள் இரவில் ஏறி உட்காரும் பரணுக்கு மேலே, அவற்றின் தலையை விட உயரத்தில், இரண்டு எதிரெதிர்ப் பக்கமும் திறப்பு விட்டு வலை அடியுங்கள். கீழே, அவை உட்காரும் மட்டத்தில் நேர்க்காற்று அடிக்கக் கூடாது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தரையில் மரச்சீவலோ உமியோ ஒரு சாண் அளவுக்குப் போட்டு அவ்வப்போது கிளறிவிடுங்கள், நனைந்த இடத்தை அன்றே அள்ளுங்கள், தண்ணீர்ப் பாத்திரம் இரவில் உள்ளே வேண்டாம். பரண் கட்டையின் அகலப் பக்கம் மேலே இருக்கட்டும், உட்காரும்போது வயிற்று இறகு விரல்களை மூடிக்கொள்ளும். ஒரு கோழிக்கு 4 சதுர அடி உள்ளிடம் கொடுங்கள். பிறகு ஒரு நாள் காலையில் உள்ளே குந்தி உட்கார்ந்து, கோழி உயரத்தில் மூச்சு விட்டுப் பாருங்கள். கண் எரிந்தால் அம்மோனியா. அது மூச்சுக்குழாயை அரித்து வைக்கும், மேலே சொன்ன சளிக்கிருமிக்கு அதுவே வாசல்.

சூட்டு விளக்கு வளர்ந்த கோழிக்கு வேண்டாம். தூசியும் காய்ந்த சீவலும் நிறைந்த இடத்தில் விளக்கு அறுந்து விழுந்தால் கூண்டே எரிந்துவிடும். குஞ்சுகளுக்குத்தான் அந்தச் சூடு தேவை, முதல் வாரம் சுமார் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம்.

கேள்வி: குளிர்காலத்தில் முட்டை நின்றுவிட்டது. பல்பு போட்டால் இடுமா?

பதில்: இடும். குளிரைவிட, பகல் குறைந்ததுதான் காரணம். பகலும் விளக்குமாகச் சேர்த்து 14 மணி நேரம் வெளிச்சம் கிடைத்தால் போதும், அதையும் விடியற்காலையில் கூட்டுங்கள். மாலையில் கூட்டினால் விளக்கு சட்டென்று அணையும்போது பரண் ஏறாமல் இருட்டில் தரையில் நிற்கும். ஆனால் இறகு உதிர்த்துக்கொண்டிருக்கிற கோழியை விட்டுவிடுங்கள். அது புது இறகு கட்டட்டும்.

கேள்வி: போன வருடம் மூச்சு நோய் வந்து பிழைத்த பெட்டை ஒன்று நன்றாக இடுகிறது. அதைக் கேட்கிறார் ஒருவர். கோழியைக் கொடுக்காவிட்டால் அடைவைக்க முட்டையாவது கொடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். மைக்கோபிளாஸ்மாவாக இருந்திருந்தால் முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். அது உங்களிடமே இருக்கட்டும், கேட்டவரிடம் காரணத்தைச் சொல்லுங்கள். வேறு கோழி கொடுப்பதானால் பொரித்த மாதம், போட்ட தடுப்பூசி, குடற்புழு மருந்து கொடுத்த தேதி, கூட்டத்தில் வந்த நோய் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். வாங்கும்போது நீங்களும் அந்தத் தாளைக் கேளுங்கள்.