கீரிப்பாறை, காளிகேசம் காடுகளின் சிறப்பு என்ன?

கன்னியாகுமரி மாவட்டத்துக் கீரிப்பாறையில் ரப்பர் தோட்டங்களைத் தாண்டியதும் தொடங்கும் அகன்ற இலைக் காட்டின் சிறப்பு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுவதால், காளிகேசம் ஓடையை ஒட்டிய சரிவுகளில் அடர்ந்த பசுமையைக் காணலாம். சுமார் 402 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்தில் யானையும் காட்டெருதும் கருமந்தியும் வாழ்கின்றன.

என்னை மிகவும் ஈர்ப்பது இருவாச்சி என்னும் பெரிய அலகுடைய பறவை. பெரிய மரப்பொந்துக்குள் புகுந்த பெண் பறவை வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிட, ஆண் பறவை சிறு பிளவு வழியாக அத்திப்பழங்களை ஊட்டுகிறது. உண்ட பழங்களின் விதைகள் வெகுதூரம் சென்று முளைக்கின்றன. எனவே பொந்துள்ள முதுமரங்களை வெட்டினால் இப்பறவைக்குக் கூடில்லை. தோட்டத்து ரப்பர் மரங்கள் அந்த இடத்தை நிரப்ப இயலாது.