வாரம் தவறாமல் கழுவியும் செயின் துருப்பிடிப்பது ஏன்?

கேள்வி: பட்டர்வொர்த்தில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறேன். பாயான் லெப்பாஸில் உள்ள தொழிற்சாலைக்கு நாள்தோறும் பினாங்குப் பாலத்தின் வழியாக மோட்டார் சைக்கிளில் சென்று வருகிறேன். ஞாயிறுதோறும் நண்பகலில், பாத்திரம் கழுவும் திரவத்தையும் உயர் அழுத்த நீர்ப் பம்பையும் கொண்டு வண்டியைக் கழுவுகிறேன். ஆனாலும் செயின் துருப்பிடிக்கிறது. கறுப்புச் சாயத்தில் வெள்ளைப் புள்ளிகள் விழுகின்றன. தவறு எங்கே?

பதில்: உங்கள் அக்கறையில் குறையில்லை. கழுவும் நேரமும் சோப்பும் நீரின் வேகமும்தான் வண்டிக்குப் பகையாகியிருக்கின்றன. அதைவிட முக்கியமாக, கழுவி முடித்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதைப் பற்றிக் கேள்வியில் ஒரு வார்த்தையும் இல்லை. துருவுக்கான விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே செல்கிறது. காற்றோடு வரும் நுண்ணிய உப்பு, போல்ட்டு இடுக்குகளிலும் செயின் கண்ணிகளிலும் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், மழை பெய்யாத நாளில்கூட அந்த இடங்கள் முழுமையாகக் காய்வதில்லை. உப்பைத் தேய்த்து எடுக்க வேண்டியதில்லை, கரைத்து வெளியேற்றினால் போதும். ஆகவே சோப்பைத் தொடுவதற்கு முன்பே, மட்கார்டின் உட்புறம், இருக்கையின் அடிப்பகுதி, சக்கரக் கம்பிகள் ஆகியவற்றில் சாதாரணக் குழாய் நீரைச் சில நிமிடங்கள் தாராளமாக ஓடவிடுங்கள். வாரத்தின் நடுவே ஒருநாள் இதை மட்டும் செய்தாலும் பெரும்பயன் உண்டு.

உயர் அழுத்தப் பம்பை விட்டுவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அப்படிக் கழுவப்பட்டு வந்த ஒரு வண்டியின் ஹேண்டில் பேரிங்கைக் கழற்றியபோது, தேன் நிறத்தில் இருக்க வேண்டிய கிரீஸ் தேங்காய்ப்பால்போல வெளுத்து, விரலில் ஒட்டாமல் நீராக வழிந்தது; எஃகுக் குண்டுகளில் செம்புள்ளிகள் விழுந்திருந்தன. வெளியே பளபளத்த வண்டி அது. அந்த வேகத்தில் பாயும் நீர் ரப்பர் அடைப்புகளைத் தாண்டி உள்ளே நுழைந்துவிடும், வெளியே வர அதற்கு வழியிருக்காது.

பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெய்ப் பிசுக்கை அகற்றுவதற்கென்றே செய்யப்பட்டது. அது சாயத்தைக் காக்கும் மெழுகுப் பூச்சையும் சேர்த்தே அகற்றிவிடும். தவிர, அத்தகைய திரவங்கள் பலவற்றில் கெட்டித்தன்மைக்காக உப்பு சேர்க்கப்படுகிறது. கடல் உப்பைக் கழுவுவதற்கு இன்னோர் உப்பு எதற்கு? கார் ஷாம்பு ஒரு புட்டி வாங்கினால் பல மாதங்களுக்கு வரும்.

அடுக்குமாடியின் கீழே நிறுத்திக் கழுவுகிறவருக்கு இரண்டு வாளிகள் போதும். ஒன்றில் ஷாம்பு நீர், மற்றொன்றில் துணியை அலசுவதற்கான வெறும் நீர். அலசிய வாளியின் அடியில் தங்கும் மணலைக் கையால் தொட்டுப் பாருங்கள். அதே மணல் துணியிலேயே இருந்திருந்தால், உங்கள் கறுப்புச் சாயத்தில் சிலந்தி வலைபோன்ற கீறல்களை அது வரைந்திருக்கும். மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். சக்கரங்களுக்குத் தனித் துணி வேண்டும்.

நண்பகலில் கழுவுவதுதான் வெள்ளைப் புள்ளிகளுக்குக் காரணம். வெயிலில் சூடேறிய பரப்பில் நீர் மட்டும் ஆவியாகி, அதில் கரைந்திருந்த தாதுக்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன. மாலை 5 மணிக்கு மேல், நிழலில், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு தொடங்குங்கள். மைக்ரோஃபைபர் துணியால் உடனே துடைத்து எடுங்கள். இப்போதிருக்கும் புள்ளிகள்மீது, வெள்ளை வினிகரைச் சம அளவு நீரில் கலந்து நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்துவிட்டு நன்றாக அலசிவிடலாம்; பூச்சில்லாத அலுமினியத்தில் அது படக்கூடாது. சாயம் பளபளப்பான வகையாக இருந்தால் பிறகு மெழுகு பூசுங்கள். மங்கல் வகைச் சாயத்துக்கு மெழுகு ஆகாது.

இனி செயின். துரு கண்ணுக்குத் தெரிகிறது என்பதால், உங்களுடையது உறைக்குள் மூடப்படாத வகை என்று கொள்கிறேன். வண்டியைக் கழுவுவதற்கு முன்பே மண்ணெண்ணெயில் நனைத்த மென்மையான பிரஷால் செயினைத் தேய்த்துவிடுங்கள். செயின் கண்ணிகளுக்கு இடையே இருக்கும் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்களைக் கெடுத்துவிடும் என்பதால் பெட்ரோல் வேண்டாம். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். கியரில் ஓடவிட்டுத் துணியைப் பிடித்தால், துணியோடு விரலும் பல்சக்கரத்துக்குள் போய்விடும். இதில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

கழுவித் துடைத்ததும் வண்டியை அப்படியே நிறுத்திவிடாமல், பத்து நிமிடம் அக்கம்பக்கத்தில் ஓட்டி வாருங்கள். முதலில் மெதுவாகச் சென்று இரண்டு பிரேக்குகளையும் இலேசாகப் பிடித்துப் பிடித்துக் காய வையுங்கள். காற்றும் எஞ்சின் சூடும் துணி எட்டாத இடுக்குகளை உலர்த்துவதோடு, செயினும் இளஞ்சூடாகியிருக்கும். அந்தச் சூட்டிலேயே செயின் எண்ணெயை அதன் உட்பக்கமாக இடுங்கள். சக்கரம் சுழலும்போது எண்ணெய் தானாகவே வெளிநோக்கிப் பரவும். ஞாயிறு மாலையில் இட்டால் படிவதற்கு ஓர் இரவு முழுவதும் கிடைக்கும். திங்கள் காலை புறப்படும் முன் வழிந்திருப்பதைத் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் அது தெறித்துப் பின் டயரில் இறங்கிவிடும்.