புரட்சி நடந்தால் பழையது எல்லாம் மறைந்துவிடுமா?

மறையாது. வரலாற்றில் தொடர்ச்சி என்றால், மேலே ஆட்சியோ மதமோ தலைகீழாக மாறினாலும் கீழே அன்றாட ஏற்பாடுகள் நீடிப்பது. இங்கிலாந்தின் மதச் சீர்திருத்தத்தைப் பாருங்கள்.

1534-ல் அந்நாட்டு அரசர் எட்டாம் ஹென்றி போப்பாண்டவரின் அதிகாரத்தை உதறிவிட்டு, நாட்டின் திருச்சபைக்குத் தானே தலைவரானார். 1536-க்கும் 1540-க்கும் இடையில் சுமார் 800 துறவி மடங்கள் மூடப்பட்டன; அவற்றின் நிலங்கள் அரசுக்குப் போயின, பெரும்பகுதி பிறகு விற்கப்பட்டது. சந்தேகமில்லாமல் பெரிய புரட்சிதான். ஆனால் ஆயர்கள் (பிஷப்புகள்) இருந்தார்கள், ஊர்தோறும் பங்குக் கோயில்கள் (அந்தந்த ஊர் மக்களுக்கான தேவாலயங்கள்) இருந்தன, திருச்சபை நீதிமன்றங்களும் இருந்தன. விளைச்சலில் பத்தில் ஒன்றைக் கொடுக்கும் தசமபாகமும் நிற்கவில்லை. மடங்களுக்குப் போய்க்கொண்டிருந்த தசமபாகத்தில் பெரும்பகுதியை அப்புறம் நிலம் வாங்கிய செல்வந்தர்கள் வசூலித்தார்கள். உழவனுக்கு என்ன மாறியது என்று கேட்டால், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

சரி, ஏன் இப்படி? ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாமே பங்குக் கோயில் வழியாகத்தான் நடந்தன. அதைக் கலைத்தால் அந்த இடத்தில் வைக்க அரசரிடம் வேறு அமைப்பு இல்லை. கடை கைமாறும்போது பெயர்ப்பலகை மாறினாலும் வேலையாட்களும் கணக்கு நோட்டும் அப்படியே இருப்பது போல.

ஹென்றி அப்போதே புராட்டஸ்டண்ட் (போப்பை ஏற்காத, குருக்கள் திருமணத்துக்கும் மக்கள் மொழி வழிபாட்டுக்கும் இடம் தரும் கிறிஸ்தவப் பிரிவு) ஆகிவிட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1539-ல் அவர் கொண்டுவந்த சட்டம் குருக்கள் திருமணம் செய்வதைத் தடை செய்தது, முழுமையான ஆங்கில வழிபாட்டு நூல் அவர் இறந்த பிறகு 1549-ல்தான் வந்தது.