லிவர்பூலின் மற்ற குழுக்கள் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

அறுபதுகளில் இங்கிலாந்தின் லிவர்பூலில் எழுந்த மெர்ஸிபீட் என்ற பாப் இசை பற்றி எழுதியிருந்தீர்கள். பீட்டில்ஸ் இருக்கும்போது, அதே காலத்தில் லிவர்பூலில் வாசித்துக் காணாமல் போன குழுக்களை எதற்குத் தேடிக் கேட்க வேண்டும்? நல்லது நின்றது, மற்றதைக் காலம் சலித்துத் தள்ளிவிட்டது. ஒரு பழைய பாடல் தொகுப்பு வாங்கிக் கேட்டும் பார்த்தேன். பாதிக்கு மேல் முடியவில்லை.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முடியவில்லை என்றால் ஆச்சரியமில்லை. அந்தத் தொகுப்புகளில் பெரும்பாலும் ஸ்டுடியோவில் பதிவுசெய்த சிங்கிள்கள், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கும் சிறு தட்டுகள்தான் இருக்கும். மேடையில் வளர்ந்த குழுக்களை அவற்றை வைத்து எடைபோட முடியாது. சலித்தது காலம் மட்டுமில்லை. லண்டன் இசைத்தட்டு கம்பெனிகளுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

தி பிக் த்ரீ குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றே பேர். ஜானி ஹட்சின்சன் டிரம்ஸை விளாசிக்கொண்டே தொண்டை கிழியப் பாடுவார். மூன்று பேர் ஒரு அரங்கத்தையே நிரப்ப வேண்டுமே, அதற்காக அவர்களுடைய முதல் கிட்டார்காரர் ஏட்ரியன் பார்பர் தன் கையாலேயே ராட்சத ஆம்ப்ளிஃபயர்களைச் செய்தார். அந்தப் பெட்டிகளுக்கு ஊரில் 'சவப்பெட்டி' என்றே பெயர். இப்படிப்பட்ட குழுவை டெக்கா இசைத்தட்டு கம்பெனி என்ன செய்தது? தேர்வுக்காக வாசித்துக் காட்டிய ஒலிநாடாவையே 1963-இல் 'சம் அதர் கை' என்று முதல் சிங்கிளாக வெளியிட்டது. தரவரிசையில் 37-ஐத் தாண்டவில்லை. அப்புறம் அவர்களுக்குக் கொஞ்சமும் ஒட்டாத ஒரு மென்மையான பாப் பாட்டைக் கொடுத்தார்கள்.

ஆனால் அதே ஆண்டில் லிவர்பூலின் கேவர்ன் கிளப்பில், கூட்டத்தின் முன்னால் நேரடியாகப் பதிவுசெய்த நான்கு பாட்டுகளும் ஒரு சிறு இசைத்தட்டாக வந்தன. அதில் ரே சார்ல்ஸின் 'வாட்'ட் ஐ சே' பாட்டைக் கேளுங்கள். கூட்டத்தின் கூச்சலும் பேஸ் கிட்டாரின் உறுமலும் ஒன்றோடொன்று மோதும். சிங்கிளில் கேட்ட அதே ஆட்களா இவர்கள் என்று தோன்றும்.

ஃபாரன்ஸ் ஃபிளமிங்கோஸ் கதை இன்னும் கொடுமை. டெட்ராய்ட்டின் கான்டூர்ஸ் பாடிய 'டூ யூ லவ் மீ' பாட்டை இவர்களும் பதிவுசெய்தார்கள். ஒரியோல் கம்பெனி அதைக் கொண்டுபோய், யாரும் அதிகம் கவனிக்காத இசைத்தட்டின் பின்பக்கத்தில் போட்டது. அதே பாட்டை லண்டன் பக்கத்துக்காரர்களான பிரையன் பூல் குழுவினர் 1963 அக்டோபரில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

தி சான்ட்ஸ் குழுவினர், லிவர்பூலின் டாக்ஸ்டெத் பகுதியின் கறுப்பின இளைஞர்கள். 1962-இல் கேவர்னில் அவர்கள் பாட, பீட்டில்ஸே பின்னணி வாசித்தார்கள். பை (Pye) என்ற இசைத்தட்டு கம்பெனியில் வந்த அவர்களுடைய தட்டுகள் விற்கவில்லை. அந்தக் குரல்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் என் எண்ணம். அந்தக் குழுவில் பாடிய எடி அமூ பின்னாளில் தி ரியல் திங் குழுவில் புகழ்பெற்றார்.

காணாமல் போனார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். லிவர்பேர்ட்ஸைப் பாருங்கள். நான்கு பெண்கள், வாத்தியம் எல்லாம் அவர்களே. இங்கிலாந்தில்தான் கண்டுகொள்ளவில்லை. 1964-இல் ஹாம்பர்க் ஸ்டார் கிளப்புக்குப் போனவர்கள் ஜெர்மனியிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களுடைய 'டிட்லி டாடி' அங்கே ஐந்தாம் இடம் வரை ஏறியது. 1968 வரை வாசித்தார்கள். பமேலா பர்ச்சின் கனத்த குரலும் சில்வியா சான்டர்ஸின் டிரம்ஸும் எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

எல்லாக் குழுவும் பொக்கிஷம் என்று சொல்ல மாட்டேன். ஒன்றைப் போலவே இன்னொன்று ஒலிக்கும் குழுக்கள் நிறைய உண்டு, அவற்றைத் தாராளமாக விட்டுவிடலாம். நீங்கள் அந்தத் தொகுப்பை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் பிக் த்ரீயின் கேவர்ன் பதிவைக் கேளுங்கள், சத்தத்தைக் கூட்டி வைத்து. அடுத்து லிவர்பேர்ட்ஸ். பிடித்ததா இல்லையா என்று எழுதுங்கள்.