மலையேறும் பஸ்ஸில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு, ஓட்டுகிறவனின் பதில்கள்

மலைப்பாதையில் சுற்றுலா பஸ் ஓட்டுவதுதான் என் பிழைப்பு. வளைவுக்கு வளைவு சாமியைக் கூப்பிடுகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் ஓட்டுகிறேன், அதனால் தயங்காமல் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

முதல் வரிசையில் உட்கார்ந்தேன். கொண்டை ஊசி வளைவில் பஸ் அப்படியே பள்ளத்துக்கு மேல் போய் நின்றது. அது எப்படிங்க பாதுகாப்பு?

நீங்களும் நானும்தான் பள்ளத்துக்கு மேல் போனோம், சக்கரம் போகவில்லை. பெரிய பஸ்ஸில் முன்சக்கரம் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, அதற்கு முன்னால் இரண்டு, இரண்டரை மீட்டர் உடம்பு நீண்டிருக்கும். பின்சக்கரமோ திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். சீக்கிரம் ஒடித்தால் அது உள்பக்கச் சுவரில் உரசும், இல்லை ஓடையில் இறங்கிவிடும். அதனால்தான் வெளிவிளிம்பு வரை மூக்கை நீட்டிவிட்டு அப்புறம் ஒடிக்கிறோம். உங்களுக்கு வயிற்றைக் கலக்குகிற அந்த நொடியில் நான் பார்ப்பது பள்ளத்தை அல்ல, உள்பக்கக் கண்ணாடியில் பின்சக்கரத்தை.

இறங்கும்போது கருகல் வாடை வந்தது. பிரேக்கா?

பெரும்பாலும் பிரேக்தான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் ஏறும்போது பயப்படுகிறார்கள், இறங்கும்போது தூங்கிவிடுகிறார்கள். எங்களுக்கு அப்படியே தலைகீழ். ஏற்றத்தில் எஞ்சின் திணறினால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இறக்கத்திலோ பல டன் எடை கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். அதைக் காலால் மட்டுமே பிடித்துக்கொண்டு வந்தால் பிரேக்கில் ஒன்றோடொன்று உரசுகிற லைனிங்கும் டிரம்மும் சூடேறி, ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. அதனால் ஏறுவதற்கு எந்த கியர் போடுவோமோ ஏறக்குறைய அதே கியரில்தான் இறங்க வேண்டும், வேகத்தை எஞ்சினே இழுத்துப் பிடிக்கும். கூடவே எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக், சில வண்டிகளில் சக்கர பிரேக்கைத் தொடாமலே வேகத்தை இழுத்துப் பிடிக்கிற ரிடார்டர். எஞ்சின் உறுமிக்கொண்டே மெதுவாக இறங்கினால் நிம்மதியாக இருங்கள். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது, டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறார் என்றால், அவரோடு நான் பயணம் செய்ய மாட்டேன்.

ஏர் பிரேக்கில் காற்று போய்விட்டால் பிரேக்கே இருக்காதாமே?

இப்போதைய பஸ்களில் பார்க்கிங் பிரேக் ஸ்பிரிங்கில் வேலை செய்கிறது. அந்த ஸ்பிரிங்கை விலக்கி வைத்திருப்பதே காற்றுதான். காற்று குறைந்தால் முதலில் பஸ்ஸர் அலறும், இன்னும் இறங்கினால் ஸ்பிரிங் தானாகவே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை விடும்போது காற்று வெளியேறி அடிக்கடி கேட்கிற அந்த ‘புஸ்’ சத்தத்துக்கெல்லாம் பதற வேண்டாம்.

எதிரே வண்டி வந்தால் யார் ஒதுங்க வேண்டும்?

பல நாடுகளிலும் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது சிரமம் என்பதால். சுவிட்சர்லாந்தில் இன்னும் ஒரு படி மேல். மலை அஞ்சல் சாலை என்று பலகை வைத்த பாதைகளில் அஞ்சல் பஸ் டிரைவர் ஒதுங்கச் சொன்னால் மற்றவர்கள் ஒதுங்கியே ஆக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வளைவுகளில் அந்த பஸ்கள் மூன்று சுர ஹாரன் அடித்துக்கொண்டு வரும். கேட்கும்போதே எனக்குப் பொறாமையாக இருக்கிறது!

என் பையனுக்கு மூன்றாவது வளைவிலேயே வாந்தி. எங்கே உட்கார வைக்கலாம்?

பின்சீட்டு வேண்டவே வேண்டாம், பின்சக்கரத்துக்கும் பின்னால் நீண்டிருக்கும் பகுதி அது, ஊஞ்சல் மாதிரி வீசும். முன்பக்கமோ இரண்டு சக்கரங்களுக்கும் நடுவிலோ உட்காரட்டும். உள்காது உடம்பு ஆடுகிறது என்கிறது, கண்ணோ முன்சீட்டையோ போனையோ பார்த்துவிட்டு அசைவே இல்லை என்கிறது, அந்தச் சண்டைதான் குமட்டல். போனை வாங்கி வைத்துவிட்டு தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை என்றால் டாக்டரிடம் கேட்டு, கிளம்புவதற்கு அரை மணி, ஒரு மணி முன்பே கொடுங்கள். குமட்ட ஆரம்பித்த பிறகு கொடுத்துப் பெரிதாகப் பலன் இல்லை.

காது அடைக்கிறதே?

எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால்தான் காது அடைக்கிறது, 2,000 மீட்டர் உயரத்தில் அது கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தால் போதும்.

டிரைவர் வேகமாக ஓட்டினால் சொல்லலாமா, கோபித்துக்கொள்வாரா?

கோபித்தால் கோபிக்கட்டும், சொல்லுங்கள். ஆனால் வளைவின் நடுவில் கத்தாதீர்கள், நேர்ப்பாதை வரட்டும். சக்கரத்துப் பக்கம் புகை தெரிந்தால் மட்டும் எந்த இடம் என்று பார்க்க வேண்டாம், உடனே கத்தலாம்.