கேளுங்க, சொல்றேன்: லாட்ஜ்னா ரூம் போடற லாட்ஜ் இல்லீங்க

ரெண்டு வாரம் முன்னாடி எழும்பூர் எத்திராஜ் சாலையில இருக்கற ஃப்ரீமேசன்ஸ் ஹால் (ஃப்ரீமேசன், சுருக்கமா மேசன்னா, ரகசியச் சடங்கு வச்சு மூடின கதவுக்குள்ள கூடற ஒரு பழைய சகோதர சங்கத்து ஆளு) பத்தி போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன், அவ்ளோதான், லெட்டரா வந்து குவிஞ்சிடுச்சு. அதனால இந்த வாரம் முழுக்க அதே சப்ஜெக்ட்தான், சமையல் டிப்ஸ் கேட்டவங்க கோச்சுக்காதீங்க.

சார், எங்க பாட்டி ஃப்ரீமேசன் கட்டிடத்த "தலைவெட்டி கோயில்"னு சொல்வாங்க. உள்ள போறவங்க தலைய வெட்டி திரும்ப ஒட்டுவாங்களாம். என்ன கதை இது? - ஒரு வாசகி, திருச்சி

பாட்டி ஒண்ணும் கட்டி விடலைம்மா. ஹாப்ஸன்-ஜாப்ஸன்னு வெள்ளைக்காரங்க போட்ட பழைய அகராதியிலயே இந்தப் பேரு இருக்கு, இதே காரணத்தோட. வடக்க "ஜாதூ கர்", அதாவது மந்திர வீடு, பம்பாய் பக்கம் "சைத்தான் கானா", சாத்தான் வீடு. பின்ன என்ன, ராத்திரி நேரத்துல கோட்டு போட்டவங்க எல்லாம் உள்ள போய் கதவ சாத்திக்கிட்டு, வெளிய ஒருத்தர் வாளோட காவலுக்கு நின்னா ஊரு வேற என்ன நினைக்கும். (அந்த வாள்காரருக்கு டைலர்னு பேரு, துணி தைக்கற டெய்லர் இல்ல.) இதுல கொஞ்சம் விஷயமும் இருக்கு. ரகசியத்த வெளிய சொன்னா என் கழுத்து அறுபடட்டும்னு பழைய சத்தியப்பிரமாணத்துல ஒரு வாசகம் இருந்துச்சு, 1986ல இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் (அங்க இருக்கற மேசன்களோட தலைமை அமைப்பு) அதையெல்லாம் பிரமாணத்துலேர்ந்து தூக்கிடுச்சு. உறுப்பினர் ஏற வேண்டிய மூணு படியில மூணாவதுல, பைபிள்ல வர்ற சாலமோன் ராஜாவோட கோயில கட்டின தலைமைக் கொத்தனார் ஹிராம் கொலையான கதைய நாடகமா நடத்துவாங்க, புதுசா வர்றவர்தான் அதுல ஹிராம், அவரு செத்து விழுந்து திரும்ப எழுந்திரிக்கணும். இது காதோட காதா ஊருக்குள்ள வந்தப்ப தலை வெட்டி ஒட்டறதா மாறியிருக்கும்னு நினைக்கறேன்.

உங்க ஊருக்கு இதுல ஒரு பெருமையும் உண்டு. 1770கள்ல ஆற்காடு நவாப் வாலாஜாவோட மூத்த மகன் உம்தத்-உல்-உமரா திருச்சியிலதான் மேசன் ஆனார், இந்தியர்கள்ல முதல் ஆள் அவருதான்னு சொல்வாங்க.

அண்ணே, வயசு 34, சென்னையில சின்னதா ஹார்ட்வேர் கடை. கடைக்கு வர்ற கஸ்டமர் ஒருத்தர் மேசன், ரொம்ப டீசன்டான மனுஷன். எனக்கும் சேரணும்னு ஆசை. "லாட்ஜ்ல சேரப் போறேன்"னு வீட்டுல சொன்னேன், பொண்டாட்டி ரெண்டு நாள் பேசல. எப்படி சேர்றது, சேர்ந்தா பிசினஸுக்கு காண்டாக்ட் கிடைக்குமா, இலுமினாட்டி அது இதுன்னு ஃபார்வர்ட் வருதே அதெல்லாம் நிஜமா? - ஒரு வாசகர், கொளத்தூர்

தம்பி, மொதல்ல வீட்டுல அந்த வார்த்தைக்கு அர்த்தத்த சொல்லுங்க, நம்ம ஊர்ல லாட்ஜ்னா திருவல்லிக்கேணியில ரூம் போடறதுதான். அந்தக் காலத்துல ஐரோப்பாவுல கல்லு வேலை நடக்கற இடத்துல கொத்தனாருங்க உக்கார, பேச, சாமான் வைக்க ஒரு கொட்டகை போடுவாங்க, அதுதான் லாட்ஜ், இப்ப மேசன்கள் கூடற ஒவ்வொரு கிளைக்கும் அதே பேரு. அப்புறம் கரணையே பிடிக்காத ஆளுங்கல்லாம் அதுல சேர ஆரம்பிச்சாங்க. 1717ல லண்டன்ல ஒரு சாராயக்கடையில நாலு லாட்ஜ் கூடி கிராண்ட் லாட்ஜ் ஆரம்பிச்சதா அவங்க கணக்கு.

ஹார்ட்வேர் கடைக்காரருக்கு இவங்க தத்துவம் சட்டுனு பிடிபடும், எல்லாமே உங்க கடையில தொங்கற சாமான்தான். மூலமட்டம்னா நடத்தை நேரா இருக்கணும். காம்பஸ்னா ஆசைக்கு ஒரு வட்டம் போட்டு உள்ள நில்லு. மட்டப்பலகைன்னா ராஜாவும் ப்யூனும் ஒரே மட்டம். 24 அங்குல அடிக்கோல்னா 24 மணி நேரம், அதுல கொஞ்சம் சாமிக்கு, கொஞ்சம் வேலைக்கும் ஓய்வுக்கும், கொஞ்சம் கஷ்டத்துல இருக்கறவனுக்கு. சகோதரத்துவம், உதவி, உண்மைன்னு மூணு வார்த்தையில சொல்வாங்க. உள்ள மதமும் அரசியலும் பேசக்கூடாது, இது ஒண்ணுக்காகவே நான் கூட சேந்துடலாமான்னு யோசிச்சிருக்கேன், நம்ம குடும்ப வாட்ஸப் குரூப்புக்கும் இந்த ரூல் வேணும்.

என் சித்தப்பா ஒருத்தர் மேசனா இருந்தார். அவரு போனப்புறம் பீரோவ ஒழிச்சப்ப கருப்பா தட்டையா ஒரு தோல் பெட்டி, பூட்டு துரு ஏறிப் போயிருந்துச்சு, சித்தி திறக்கவே பயந்தாங்க. உள்ள வெளிர் நீல பார்டர் வச்ச வெள்ளைத் தோல் ஏப்ரன், ரெண்டு பக்கமும் வெள்ளிக் குஞ்சலம், மஞ்சளாப் போன கையுறை, அப்புறம் பாதி வார்த்தைக்கு மொத எழுத்து மட்டும் போட்ட ஒரு குட்டி சடங்கு புஸ்தகம். அவ்ளோதான். ஆனா அதுக்கடியில ஏதோ ஒரு பையனுக்கு எட்டு வருஷம் ஸ்கூல் ஃபீஸ் கட்டின ரசீது கட்டா இருந்துச்சு, அது யாருன்னு எங்களுக்கு இன்னி வரைக்கும் தெரியாது.

சேர்றதுக்கு ஒரே வழி, கேக்கணும். யாரும் வந்து வெத்தலபாக்கு வச்சு கூப்பிட மாட்டாங்க, அதனால அந்தக் கஸ்டமர்ட்ட நேரா கேளுங்க. ஆம்பளையா இருக்கணும், 21 வயசு ஆகியிருக்கணும், கடவுள் நம்பிக்கை இருக்கணும், எந்தக் கடவுள்னு கேக்க மாட்டாங்க. ஒருத்தர் முன்மொழியணும் இன்னொருத்தர் வழிமொழியணும், நாலஞ்சு பேர் உங்கள விசாரிப்பாங்க, வீட்டுல சம்மதமான்னும் கேப்பாங்க (இப்ப உங்க நிலைமையில இதுதான் சிக்கல்). அப்புறம் ஓட்டு. வெள்ளை உருண்டை, கருப்பு உருண்டை, கைய உள்ள விட்டு போடறதால யாரு எத போட்டாங்கன்னு தெரியாது, ஒண்ணு ரெண்டு கருப்பு விழுந்தாலே அவுட், அந்தந்த லாட்ஜ் விதியப் பொறுத்து. தேறிட்டா ஒரு நாள் கண்ணக் கட்டி, மோதிரம் செயின் காசு எல்லாத்தையும் கழட்டி வாங்கிட்டு, ஒரு முழங்கால் தெரிய பேன்ட்ட மடிச்சு, கழுத்துல கயிறு போட்டு கூட்டிட்டு போவாங்க. பயப்படாதீங்க, கையில ஒண்ணுமில்லாதவனா உள்ள வந்தேன்னு ஞாபகம் இருக்கணும்னுதான் இதெல்லாம்.

அங்க தலைவருக்கு "வொர்ஷிப்ஃபுல் மாஸ்டர்"னு பேரு, அவர கும்பிடணுமான்னு பயந்துடாதீங்க, நம்ம மேயரையும் "வணக்கத்துக்குரிய"ன்னு சொல்லிட்டிருந்தோமே, அதே கதைதான்.

காண்டாக்ட் விஷயத்துல ஓப்பனா சொல்றேன், லாபம் பாக்கத்தான் வர்றேன்னா வராதீங்க. ஆதாயத்துக்காக சேரலன்னு சேர்றப்பவே வாயால சொல்ல வைப்பாங்க, பொய்யோட ஏன் ஆரம்பிக்கணும். செலவும் இருக்கு, சேர்ற ஃபீஸ், வருஷ சந்தா, கருப்பு சூட், மீட்டிங் முடிஞ்சு சாப்பாடு, தர்மக் கணக்கு, எல்லாத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கோங்க, அப்புறம் பொண்டாட்டிகிட்ட முழிக்காதீங்க.

இலுமினாட்டிங்கற ரகசியச் சங்கம் வேற கம்பெனி. 1776ல பவேரியாவுல ஒரு வாத்தியார் ஆரம்பிச்சது, பத்து வருஷம் கூட உருப்படியா ஓடல, அரசாங்கம் தடை பண்ணிடுச்சு. டாலர் நோட்டுல இருக்கற கண்ணும் மேசன் வேலை இல்ல. அடுத்த ஃபார்வர்ட் வந்தா டெலிட் பண்ணிடுங்க.

நான் பெரியார் வழி. கடவுள் இல்லைன்னு சொல்றவனுக்கு கதவு மூடியா? - ஒரு வாசகர், ஈரோடு

இங்க மூடிதான் தோழர். 1961ல ஆரம்பிச்ச இந்திய கிராண்ட் லாட்ஜ், இங்கிலாந்து வழியில போறது, அங்க "பிரபஞ்சத்தோட தலைமைச் சிற்பி"ன்னு ஒருத்தர ஒத்துக்கணும். கீதை, குரான், பைபிள்னு அவங்கவங்க புஸ்தகத்துல கை வச்சுதான் சத்தியம். பிரான்ஸ்ல கிராண்ட் ஓரியன்ட்ங்கற மேசன் தலைமை அமைப்புல 1877லயே கடவுள் கட்டாயத்த எடுத்துட்டாங்க, அதுக்காக இங்கிலாந்து அவங்களோட உறவையே முறிச்சுக்கிச்சு. உங்களுக்கு ஏத்தது அதுதான், டிக்கெட் செலவு உங்களுது.

நாங்க கத்தோலிக்க குடும்பம். மகன் லாட்ஜ்ல சேர்றேங்கறான். சபை என்ன சொல்லுது? - ஒரு அம்மா, தூத்துக்குடி

கூடாதுன்னுதான் சொல்லுது. 1738ல போப் பன்னிரண்டாம் கிளமென்ட் போட்ட தடை. 1983ல புது திருச்சபைச் சட்டத்துல மேசன்ங்கற வார்த்தை இல்லாததால பலபேர் தடை போயிடுச்சுன்னு நினைச்சாங்க, ஆனா அதே வருஷமே ரோம்லேர்ந்து, சேர்ந்தா கனமான பாவம், நற்கருணை வாங்கக்கூடாதுன்னு தெளிவா அறிக்கை வந்துச்சு, 2023லயும் திரும்ப உறுதி பண்ணாங்க. மேசன்கள் தரப்புல கத்தோலிக்கர்களுக்கு தடையே கிடையாது, அதனால "அங்க யாரும் ஒண்ணும் சொல்லல"ன்னு மகன் சொன்னா அது பாதி உண்மை. பங்கு சாமியார்ட்ட ஒரு தடவ உக்காந்து பேசச் சொல்லுங்க, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி.

எல்லாம் ஆம்பளைங்களுக்கே, எங்களுக்கு ஒண்ணும் இல்லையா? - ஒரு வாசகி, கோவை

இருக்கு. ஆணும் பெண்ணும் சேர்ந்தே உக்கார்ற கோ-மேசன்ரி 1893ல பாரிஸ்ல ஆரம்பிச்சது. நம்ம அடையார் அன்னி பெசன்ட் 1902ல அதுல சேர்ந்தாங்க, இந்தியாவுக்கு கொண்டு வந்ததும் அவங்கதான். ஆம்பளைங்க லாட்ஜ் இத அங்கீகரிக்காது. பெசன்ட் அம்மா அதுக்காக யார்கிட்டயும் அனுமதி கேட்டுட்டு நிக்கல.