ஆறு மாதமாக வாட்டர் கலர் பழகுகிறேன். வரைவதையெல்லாம் கிழித்துப் போடத்தான் தோன்றுகிறது. இதிலிருந்து எப்படி மீள்வது?

கேட்டவருக்கு 38 வயது. வீடியோ பார்த்துத் தானாகப் பழகுகிறார். படம் பாதியில் இருக்கும்போதே 'உனக்கெல்லாம் இது தேவையா' என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறதாம். அந்தக் குரல் எனக்கு நல்ல பழக்கம். என்னிடம் அது நெல்லைத் தமிழில் பேசும்: "ஒனக்கு எதுக்குட்டி இந்த வேல?"

நான் பாளையங்கோட்டையில் பிளவுஸ் தைக்கிறவள். 25 வருஷமாக இதுதான் தொழில். நாலு வருஷத்துக்கு முன் மகன் பத்தாம் வகுப்பு முடித்தான். அவனுடைய பழைய கலர் பெட்டி அலமாரியில் சும்மா கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை எடுத்து வாசலில் நின்ற செம்பருத்தியை வரைந்தேன். செம்பருத்தி மாதிரியும் இல்லை, வேறு எது மாதிரியும் இல்லை. ஆனால் தண்ணீரில் சிவப்பு தானாகப் பரவியதைப் பார்த்தபோது ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அதற்காகத்தான் இன்னும் விடவில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்தான். அப்புறம் படம் 'நல்லா வரணும்' என்று ஆரம்பித்தது சனியன்.

தையல்காரிக்குக் குறை கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. பிளவுஸைப் போட்டுக்கொண்டு ஒருத்தி கண்ணாடி முன் திரும்பும்போதே, இடது தோள் கால் இன்ச் இறங்கியிருப்பது அவளுக்கு முன்னால் என் கண்ணில் பட்டுவிடும். டாட் முனை கூம்பி நிற்கிறதா, அக்குளில் சுருக்கம் விழுகிறதா, பின்கழுத்து தூக்குகிறதா, எல்லாம் ஒரே பார்வையில் தெரியவேண்டும். இந்தக் கண்தான் எனக்குச் சோறு போடுகிறது. இதே கண்ணோடு போய் வாட்டர் கலர் முன் உட்கார்ந்தால் முதல் பூச்சு காய்வதற்குள் பத்துக் குறை தெரியும். தையலில் என்றால் பிரித்துத் தைக்கலாம், அதற்காகத்தான் உள்ளே துணி விடுகிறோம். வாட்டர் கலரில் உள்ளே விட்ட துணி கிடையாது. ஈரமாக இருக்கும்போது கொஞ்சம் ஒற்றி எடுக்கலாம், அவ்வளவுதான். காய்ந்த பிறகு தேய்க்கப் போனால் தாள்தான் பிய்யும்.

நடுவில் ஒரு வார இறுதி வகுப்புக்கும் போனேன். சொல்லிக்கொடுத்தவர் கெட்டவர் இல்லை, கை வேகமான மனுஷர். நான் திணறுவதைப் பார்த்து என் கையிலிருந்து பிரஷை வாங்கி, ஐந்தே நிமிஷத்தில் மேகம், மலை, பனை எல்லாம் போட்டு முடித்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் "சூப்பரா வந்திருக்குக்கா" என்றார்கள். வீட்டில் அதை ஃப்ரேம் போடச் சொன்னார்கள். அந்தப் படத்தில் என்னுடையது கீழே இருந்த அழுக்கு மண் மட்டும். அதற்கப்புறம் இரண்டு மாதம் நான் பிரஷைத் தொடவில்லை.

திரும்பத் தொட வைத்தது கடையில் நடந்த ஒரு சின்ன விஷயம். என்னிடம் தையல் பழகும் பிள்ளைக்கு 19 வயது. லைனிங் பிளவுஸ் ஒன்றில் இடது கையை வலது பக்கமும் வலது கையை இடது பக்கமும் ஏற்றிவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறது.

"எனக்கு இது வராதுக்கா. நாளையிலேருந்து நான் வரல."

"ஏட்டி, அழுது துணிய நனைக்காத. கையில முன்பக்கம் வளைவு ஆழமா இருக்கும், பின்பக்கம் அவ்வளவு இருக்காது. வெட்டின உடனே முன்பக்கத்துல சாக்பீஸால ஒரு புள்ளி வையி, இனி மாறாது. இப்ப ரெண்டயும் பிரி."

பிரித்தது, மாற்றி ஏற்றியது. ஒரு மணி நேர வேலை.

அன்றைக்கு ராத்திரி படுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பிள்ளையிடம் 'நீ எதுக்கும் லாயக்கில்லை' என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் மறுநாள் ஆள் வராது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அப்படிச் சொன்னால் அது எதைப் பிரிக்கும்? எந்த இடத்தில் கத்தரியை விடும்? குறை என்றால் அதற்கு ஓர் இடமும் ஓர் அளவும் இருக்கவேண்டும். இடது தோள், கால் இன்ச். இடமும் அளவும் சொல்லாவிட்டால் அதற்குப் பெயர் வசவு. என் படங்களைப் பார்த்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தது முழுக்க வசவுதான். 25 வருஷம் அளவு எடுத்தவளுக்கு இது தெரிய இவ்வளவு நாளா ஆகும்!

இதை இன்னும் நன்றாகப் புரியவைத்தவர் கொக்கிரகுளம் பக்கம் ஆற்றில் குளிக்க வந்த ஒரு தாத்தா. அன்றைக்கு நான் சுலோசன முதலியார் பாலத்தை வரைந்துகொண்டிருந்தேன். வெளியூர்க்காரர்களுக்காக: தாமிரபரணியின் மேல் திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் சேர்க்கிற பாலம் அது, 1843ல் சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்தது. தாத்தா தோளில் ஈரத்துண்டோடு பின்னால் வந்து நின்றார்.

"யம்மா, இது நம்ம பாலந்தான?"

"ஆமா தாத்தா."

"அதுக்குப் பதினோரு கண்ணுல்லா? இதுல ஒம்பதுதான் இருக்கு."

வளைவுகளை எண்ணிப் பார்த்தேன். ஒன்பதுதான்.

"மிச்சம் ரெண்டு கண்ண எங்க கொண்டுபோன?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வருத்தம் துளிகூட இல்லை. அதற்கு முந்தின வாரம் சொந்தக்காரர் ஒருவர் வேறொரு படத்தைப் பார்த்து, "ம்ம்... பொழுது போகணும்லா" என்றிருந்தார். அந்த 'ம்ம்' மூன்று நாள் மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றது. தாத்தா சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது. அடுத்த தடவை முதலில் பென்சிலால் 11 இடம் குறித்துக்கொண்டு ஆரம்பித்தேன், 11 கண்ணும் வந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அகலத்தில் இருந்தது வேறு கதை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? நான் செய்வதைச் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துகிறதா பாருங்கள்.

வரைந்து முடித்த படத்தை நான் அன்றைக்குப் பார்ப்பதில்லை. தைத்து முடித்த பிளவுஸ் அடுக்கும் தட்டுக்குக் கீழே மூன்று நாள் கிடக்கும். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும் நிறம் காய்ந்ததும் வெளிறிவிடும் என்பது ஒரு காரணம். ஈரத்தோடு பார்த்துத் தீர்ப்பு சொன்னால் இன்னும் உருவாகாத படத்துக்குத் தீர்ப்பு சொல்கிறோம். இன்னொரு காரணம், அன்றைக்கு நம் மனதில் இருப்பது நாம் நினைத்த படம். அதோடு ஒப்பிட்டால் எந்தப் படமும் தோற்கும். மூன்று நாள் போனால் நினைத்த படம் பாதி மறந்துவிடும், தாளில் இருப்பது மட்டும் தெரியும்.

பார்ப்பதும் பகல் வெளிச்சத்தில்தான். சேலைக்கு நூல் கலர் சேர்க்க டியூப் லைட்டை நம்பாமல் வாசலுக்கு எடுத்துப் போவோம் இல்லையா, அதே மாதிரி. பார்த்துவிட்டுப் பின்பக்கம் பென்சிலால் தேதியும் ஒரே ஒரு குறையும் எழுதுவேன், இடத்தோடு. 'வலது ஓரம், மரத்தடி நிழல், காயும் முன் தொட்டுவிட்டேன்.' 'பொதிகை மலை பக்கத்தில் நிற்கிறது, நிறத்தில் இன்னும் தண்ணீர் வேண்டும்.' ஒன்றுக்கு மேல் எழுதமாட்டேன். மூன்று நாலு என்று போனால் ஐந்தாவதாக வசவு வந்து உட்கார்ந்துகொள்கிறது. கூடவே நன்றாக வந்த இடம் ஒன்றும் எழுதவேண்டும் என்பார்கள். உண்மையைச் சொன்னால் அது எனக்குப் பாதி நாள் கைவருவதில்லை.

முப்பது படம் சேர்ந்ததும் ஒருநாள் எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டு, படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தை மட்டும் படித்தேன். பாதிக்குப் பாதி ஒரே குறை: காயும் முன் தொட்டுவிட்டேன். எனக்குக் கலை வரவில்லை என்று நாலு பேரிடம் புலம்பியிருக்கிறேன். கடைசியில் அவசரக் கை. அதற்கு மருந்து லேசானது. முதல் பூச்சைப் போட்டதும் எழுந்து போய் ஒரு பிளவுஸுக்கு ஊக்கு கட்டிவிட்டு வருவேன்.

தாளைப் பற்றிச் சொல்லாமல் மனசைப் பற்றி மட்டும் பேசினால் அது ஏமாற்று வேலை. முதல் வருஷம் முழுக்கப் பள்ளிக்கூட டிராயிங் நோட்டில் வரைந்தேன். தண்ணீர் பட்டதும் பொரித்த அப்பளம் மாதிரி தாள் மேடும் பள்ளமும் ஆகும், பள்ளத்தில் நிறம் குளம் கட்டும், இரண்டாம் தடவை பிரஷ் ஓட்டினால் திரிதிரியாக வரும். வீடியோவில் அந்தப் பெண் செய்வதை அப்படியே செய்தும் வரவில்லையே என்று என்னையே நொந்துகொண்டேன். அவள் வைத்திருந்தது 300 ஜிஎஸ்எம் கனமுள்ள பருத்தித் தாள். பருத்தி எப்படித் தண்ணீர் குடிக்கும், பாலியெஸ்டர் எப்படி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தப் புத்தி தாள் வாங்கும்போது எங்கே போனதோ. பருத்தித் தாள் ஈரத்தைப் பிடித்து வைத்து நமக்குக் கொஞ்சம் அவகாசம் தரும். விலை கூடுதல்தான். வாங்கிய பிறகும் ஆறு மாதம் பெட்டியிலேயே வைத்திருந்தேன், பட்டுத் துணியில் கத்தரி வைக்கும்போது வருமே, அந்த நடுக்கம். பெரிய தாளை எட்டாகக் கிழித்த அன்றைக்கு நடுக்கம் போயிற்று.

அப்புறம் நம்ம ஊர் வெயில். வீடியோ போடுகிறவர்களில் பலர் குளிர் தேசத்துக்காரர்கள். 'ஈரம் இருக்கும்போதே அடுத்த நிறத்தை விடுங்கள்' என்பார்கள். சித்திரையில் ஃபேனுக்கு அடியில் அவர்கள் அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் எனக்குக் காய்ந்துவிடும். அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் ஈரப் பிரஷை வைத்தால் நிறம் ஒதுங்கிப்போய் ஓரமெல்லாம் காலிஃபிளவர் மாதிரி பூத்துவிடும். சொட்டு நீலம் சரியாகக் கலக்காமல் முக்கிய வேட்டியில் திட்டுத் திட்டாக விழுமே, கிட்டத்தட்ட அது. இப்போது வெயில் காலத்தில் விடியற்காலை, ஃபேனை நிறுத்திவிட்டு, தாளை இரண்டு பக்கமும் நனைத்து ஒரு பழைய டைல் மேல் ஒட்டவைத்து வரைகிறேன். வேண்டிய நிறத்தை முதலிலேயே நிறையக் கலக்கி வைத்துக்கொள்வேன். ஐப்பசி மழையில் இது தலைகீழ், அரை மணி ஆனாலும் காயாது. உங்கள் ஊர் எதுவோ, வீடியோவில் சொல்லும் நேரத்தை அதற்குத் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பச்சையும் என்னைப் பல நாள் அழவைத்தது. சேரன்மகாதேவி பக்கம் பிசானப் பருவ நெல் நடவு முடிந்து வயல் நிற்கும்போது பெட்டியில் இருக்கும் பச்சையை அப்படியே எடுத்துப் பூசினால் பிளாஸ்டிக் குடம் மாதிரி இருக்கும். அதில் மஞ்சளும் ஒரு சொட்டு பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் சேர்த்தால் பயிர் வந்து நிற்கும். இதெல்லாம் யாராவது சொன்னால் தெரிகிற சங்கதி. தெரியாமல் இருந்ததற்காக ஒரு வருஷம் என்னை நானே திட்டியிருக்கிறேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வரைவதையும் விட்டுவிட்டேன். நாள் முழுக்கத் தைத்துவிட்டு உட்கார்ந்தால் முதுகு வலிதான் பிரஷைப் பிடிக்கும். தீபாவளிக்கு முந்தின மாதம் கலர் பெட்டிக்கு லீவு.

பிரெஞ்சு ஓவியர் மோனே கதையை யாராவது உங்களுக்கு ஆறுதலாகச் சொல்வார்கள். 1908ல், பாரிஸில் தன் அல்லிக்குள ஓவியங்களின் கண்காட்சி நடக்க இருந்த சமயத்தில், அவர் குறைந்தது 15 ஓவியங்களைத் தானே கிழித்து அழித்தார். அவ்வளவு பெரியவரே கிழித்தாராம், நாம் கிழித்தால் என்ன என்று முடிப்பார்கள். எனக்கு இது ஆறுதலாக இல்லை. நான் பிடித்துக்கொண்டது அதற்கு அடுத்த பகுதியை: கண்காட்சி தள்ளிப்போய் 1909ல் நடந்தது, அங்கே 48 ஓவியங்கள் வைத்தார். கிழித்தவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. அவரிடம் 15 போனாலும் மிச்சம் இருந்தது. ஆறு மாதத்தில் நீங்கள் எல்லாவற்றையும் கிழித்திருந்தால், முதல் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் என்ன வித்தியாசம் என்று எதை வைத்துப் பார்ப்பீர்கள்? என் அந்தச் செம்பருத்தி தப்பித்ததே, மகனுடைய நோட்டுக்குள் இருந்ததால்தான்.

குரல் நின்றுவிட்டதா என்று கேட்டால், இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை குறுக்குத்துறை முருகன் கோவிலை வரைந்தேன். ஆற்றுக்குள்ளேயே இருக்கிற கோவில், வெள்ளம் வந்தால் மூழ்கும். 2023 டிசம்பர் வெள்ளத்திலும் மூழ்கியது. சுவரின் காவி வெள்ளைப் பட்டைகளைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே "ஒனக்கு எதுக்குட்டி" என்று ஆரம்பித்தது. எந்தப் பட்டை, எத்தனை இன்ச் என்று கேட்டேன். பதில் இல்லை. படம் தட்டுக்கு அடியில் கிடக்கிறது, நாளைக் காலையில்தான் எடுக்கவேண்டும். ஏதோ ஒரு பட்டை சாய்ந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நீங்கள் கிழித்ததையெல்லாம் குப்பைக்குப் போட்டுவிடவில்லையே? கனமான தாள் என்றால் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும். அந்தத் துண்டுகளில் நிறம் கலந்து பார்க்கலாம்.